அத்தியாயம் 7: பூட்டிய அறை, பூட்டாத கதவு

திகில் எஸ்கேப் ரூமுக்கு நான் முதன்முதலில் போனது ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்துக்காக. நாங்கள் ஐந்து பேர். நாலு பேருக்கு ஆசை, ஒருத்திக்கு இல்லை. “எனக்கு இதெல்லாம் ஒத்துவராதுடி. நீங்க போயிட்டு வாங்க, நான் கீழே காபி குடிச்சிட்டு உட்கார்ந்திருக்கேன்” என்று வாசலிலேயே சொன்னாள். “ஒரு மணி நேரம்தானே, நாங்கல்லாம் கூட இருக்கோம்ல” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனோம். உள்ளே விளக்கு அணைந்ததும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். துப்பட்டா நுனியை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டே இருந்தாள். சாவி தேடும் மும்முரத்தில் நாங்கள் நாலு பேரும் அதைக் கவனிக்கவில்லை. வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் அவள் விரல் நுனி ரத்தம் செத்து வெளுத்திருந்ததைப் பார்த்தேன். வீடு வரும்வரை ஆட்டோவில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று நாங்கள் ஐந்து நிமிடம் மிச்சம் வைத்து ஜெயித்தோம். ஆனால் அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த விரல்தான்.

திகில் அறை ஒரு அருமையான விளையாட்டு. பல வருடம் பழகிய நண்பரின் தெரியாத முகம் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஆனால் பயம் விளையாட்டாக இருப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உள்ளே போகும் ஒவ்வொருவரும் தன் விருப்பத்தோடு போக வேண்டும். நினைத்த நொடியில் வெளியே வரலாம் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கதையில் கதவு பூட்டியிருக்கட்டும், நிஜத்தில் பூட்டியிருக்கக் கூடாது. இந்த அத்தியாயத்தில் வரும் யோசனைகள் எல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து கிளைத்தவை.

இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது?

புதிர்கள் ஒளித்து வைத்த ஒரு அறைக்குள் ஒரு குழு போகும். பெரும்பாலும் 60 நிமிடம் தருவார்கள். குறிப்புகளைத் தேடி, ஒன்றோடொன்று பொருத்தி, பூட்டுகளைத் திறந்து, கடைசிக் கதவுக்கு வந்து சேர வேண்டும். வெளியே கேமராவில் பார்த்துக்கொண்டிருக்கும் கேம் மாஸ்டர், நீங்கள் திணறும்போது க்ளூ கொடுப்பார்.

ஜப்பானின் கியோட்டோ நகரில் 2007-இல் தகாவோ கட்டோ என்பவர் தம் ‘ஸ்க்ராப்’ நிறுவனத்தின் மூலம் நடத்திய விளையாட்டையே இதன் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். பூட்டிய அறையிலிருந்து தப்பிக்கும் கணினி விளையாட்டுகள் அதற்கு முன்பே அங்கே பிரபலம். தோஷிமிட்சு தகாகி 2004-இல் வெளியிட்ட ‘கிரிம்சன் ரூம்’ அவற்றில் பேர் பெற்றது. திரையில் இருந்த அறையைக் கட்டோ நிஜ இடத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு 2011-இல் ஹங்கேரியின் புடாபெஸ்டில் அட்டிலா கியூர்கோவிச் ‘பாராபார்க்’ என்ற அறையைத் திறந்தார். சவாலும் திறமையும் சரியாகப் பொருந்தும்போது மனிதர் நேரம் போவதே தெரியாமல் ஒரு வேலையில் கரைந்துபோவார் என்று உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி விளக்கியிருந்தார். கியூர்கோவிச் தம் விளையாட்டை அந்தக் கருத்தின் மேல் கட்டினார்.

இருட்டும் கடிகாரமும் ஏற்கெனவே இருந்த இடத்துக்குத் திகில் வந்து சேர அதிக நாள் ஆகவில்லை. அமெரிக்காவில் பரவிய ஒரு விளையாட்டில் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டிய ஒரு ஜாம்பி அறைக்குள்ளேயே இருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மணி அடிக்க, சங்கிலி ஒரு அடி நீளும். புதிரின் விடை அந்த ஜாம்பியின் கை எட்டும் இடத்தில் இருக்கும்!

திகில் அறையின் சூட்சுமம் முழுக்க அந்தச் சங்கிலியில் இருக்கிறது. புதிரை அவிழ்க்கக் கண் நாலாபக்கமும் பார்க்க வேண்டும், மூளை நிதானமாக ஓட வேண்டும். பயமோ கண்ணை ஒரே புள்ளியில் கட்டிப்போடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். மூலையில் தொங்கும் கோட்டு பேயாகத் தெரிகிறவருக்கு அந்தக் கோட்டுப் பையில் இருக்கும் சாவி தெரியாது. ஒருவர் பயப்படும்போது இன்னொருவர் பார்க்க வேண்டும். இந்த விளையாட்டுக்கு நண்பர்கள் தேவைப்படுவது இதனால்தான்.

உங்களுக்கு எந்த அளவுப் பயம்?

‘ஹாரர்’ என்ற ஒரே பெயரில் விற்கப்படும் அறைகளுக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. நான் அவற்றை நாலு படியாகப் பிரித்துக்கொள்கிறேன்.

முதல் படியில் சூழல் மட்டும்தான். மங்கிய விளக்கு, பழைய பொம்மை, எங்கோ ஒரு குழந்தை பாடும் சத்தம். எதுவும் உங்கள் மேல் பாயாது.

இரண்டாவது படி திடுக்கிடல். ஜம்ப் ஸ்கேர் என்பது இதுதான். அலமாரி தானாகப் படாரென்று திறக்கும், காதருகே காற்று அடிக்கும், விளக்கு பட்டென்று அணையும்.

மூன்றாவது படியில் உள்ளே ஆள் இருப்பார். வேடம் போட்ட நடிகர் உங்களைத் துரத்துவார், முகத்தருகே வந்து மூச்சுவிடுவார், ஆனால் தொடமாட்டார்.

நான்காவது படியில் தொடுவார்கள். கையில் விலங்கு மாட்டுவார்கள், குழுவைப் பிரித்து ஒருவரை மட்டும் தனியாக அடைப்பார்கள், தவழ்ந்து போகும் குறுகிய பாதையும் இருக்கலாம்.

முதல் தடவை போகிறவர்கள் முதல் இரண்டு படிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதிகம் பயந்தால்தான் அதிக இன்பம் என்று நினைப்பது சரியில்லை. டென்மார்க்கின் வைலே நகரில் ‘டிஸ்டோபியா’ என்றொரு திகில் மாளிகை இருக்கிறது. ஆர்ஹஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே 110 பேருக்கு இதயத்துடிப்புக் கருவி மாட்டி உள்ளே அனுப்பிப் பார்த்தார்கள். 2020-இல் வெளியான அந்த ஆய்வு, பயம் ஏற ஏற இன்பமும் ஒரு அளவுவரை ஏறுகிறது, அதைத் தாண்டினால் இறங்குகிறது என்று காட்டியது. குழம்புக்குக் காரம் மாதிரிதான். குறைந்தால் சப்பென்று இருக்கும், கூடினால் வாயில் வைக்க முடியாது. ஒருவருக்கு அளவான காரம் இன்னொருவருக்குக் கண்ணீர்.

அதே மாளிகையில் அவர்கள் செய்த இன்னொரு ஆய்வு, பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கு ஆறுதலான செய்தி சொல்கிறது. சிலர் பயத்தை முடிந்தவரை கூட்டிக்கொள்ளப் பார்த்தார்கள். சிலர் நண்பர்களை ஒட்டி நின்று, பார்வையைத் திருப்பி, ‘இது நிஜமில்லை’ என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு பயத்தைக் குறைக்கப் பார்த்தார்கள். வெளியே வந்தபோது இரு தரப்புக்கும் ஒரே அளவு திருப்தி. ஆகவே பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தவரை “டேய், காசு வேஸ்ட்டுடா” என்று சீண்டாதீர்கள். அவர் தன் வழியில் முழுசாக விளையாடிவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

யாரோடு, எத்தனை பேர்?

நாலு அல்லது ஐந்து பேர் என்பது நல்ல எண்ணிக்கை. இரண்டு பேர் என்றால் பயம் தாங்காது, புதிரும் நகராது. எட்டுப் பேர் என்றால் ஒருவர் காலை ஒருவர் மிதிப்பார்கள். மூன்று பேர் வேலை செய்ய, மற்றவர்கள் அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிவரும். டிக்கெட் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும். ‘இன்னும் ரெண்டு பேர் சேர்ந்தா டிஸ்கவுண்ட்’ என்பதற்காக ஆள் பிடிக்காதீர்கள். இடம் மீதியிருந்தால் அறிமுகமில்லாதவர்களை உங்களோடு சேர்த்து அனுப்பும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. திகில் அறைக்கு அது சரிப்படாது. முழு அறையும் உங்களுக்கு மட்டும்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குழுவில் யாரைச் சேர்ப்பது என்பதற்கு என் வழி எளிது. வாட்ஸ்அப் குழுவில் “எல்லாரும் வர்றீங்கதானே?” என்று பொதுவில் கேட்டால் மறுப்பவருக்குச் சங்கடம். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். அறை எந்தப் படி, உள்ளே ஆள் உண்டா, தொடுவார்களா என்று மறைக்காமல் சொல்லுங்கள். குறுகிய இடம், இருட்டு, ரத்தம், பொம்மை, பூச்சி இவற்றில் எது அவருக்கு ஆகாது என்று கேளுங்கள். “பார்க்கலாம்” என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் நெருங்கிய நண்பரிடம் நேராக ‘மாட்டேன்’ என்று சொல்ல நிறையப் பேருக்கு வாய் வராது. அந்தத் தயக்கத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியது அழைக்கிறவரின் பொறுப்பு.

சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போவதானால் வயது வரம்பை நிர்வாகத்திடம் கேளுங்கள். வரம்புக்குள் இருந்தாலும், ராத்திரி விளக்கு எரிந்தால்தான் தூங்கும் பிள்ளையை அழைத்துப் போகாதீர்கள்.

புக் செய்யும் முன் கேட்க வேண்டியவை

ஆன்லைனில் பணம் கட்டுவதற்கு முன் ஒரு போன் போடுங்கள். இரண்டு நிமிடப் பேச்சில் அந்த இடத்தின் தரம் தெரிந்துவிடும்.

“உள்ளே நடிகர் இருக்காங்களா? தொடுவாங்களா? வேண்டாம்னா சொல்லலாமா?” என்று கேளுங்கள். பயத்தின் அளவைக் குறைக்கவோ கூட்டவோ பல இடங்களில் வசதி உண்டு. பின்பு, “நடுவுல ஒருத்தர் மட்டும் வெளியே வரணும்னா என்ன செய்யணும்?” என்று கேளுங்கள். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்” என்று சிரித்துச் சமாளிக்கிறார்களா, “கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்குங்க, கதவைத் திறந்துடுவோம்” என்று தெளிவாகச் சொல்கிறார்களா? இரண்டாவது பதில் வந்த இடத்துக்குப் போங்கள்.

க்ளூ எத்தனை, எப்படிக் கிடைக்கும், புதிர்கள் எந்த மொழியில் இருக்கும் என்பதும் முக்கியம். குறிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும் அறைக்குள் தமிழ் மட்டும் படிக்கும் நண்பரை வெறுமனே பார்த்து நிற்க வைக்காதீர்கள். அப்படியானால் எண்ணும் படமும் அதிகம் உள்ள அறையைக் கேட்டு வாங்குங்கள்.

ஜெயிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. 2015-இல் ஸ்காட் நிக்கல்சன் என்ற பேராசிரியர் உலகின் பல நாடுகளிலும் இருந்த 175 எஸ்கேப் ரூம் நிலையங்களிடம் விவரம் திரட்டினார். நேரத்துக்குள் தப்பித்த குழுக்கள் சராசரியாக 41 சதவீதம்தான். தோற்பவர்களே அதிகம் என்று தெரிந்துகொண்டு போனால், உள்ளே ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழ மாட்டோம்.

நிஜக் கதவு

இந்தப் பகுதியை மட்டுமாவது அவசரப்படாமல் படியுங்கள்.

2019 ஜனவரி 4 அன்று போலந்தின் கோஷாலின் நகரில் ஐந்து சிறுமிகள் ஒரு எஸ்கேப் ரூமுக்குப் போனார்கள். ஐந்து பேருக்கும் 15 வயது. அவர்களில் ஒருத்தியின் பிறந்தநாள் கொண்டாட்டம் அது. அறைக்கு வெளியே இருந்த ஹீட்டரின் கேஸ் கசிந்து தீப்பற்றியது. வெளியேறும் வழியைத் தீ மறித்துவிட்டது. சிறுமிகள் ஐந்து பேரும் கார்பன் மோனாக்சைடு நச்சுப்புகையில் இறந்தார்கள். அதற்குப் பிறகு போலந்து அரசு நாடு முழுவதும் எஸ்கேப் ரூம்களைச் சோதனையிட்டுப் பலவற்றை மூடியது.

அந்தச் சிறுமிகள் செய்த தவறு எதுவும் இல்லை. கதவு திறந்திருக்க வேண்டியது பெரியவர்களின் கடமை. அதனால்தான் உங்கள் குழுவில் யாராவது ஒருவர் அந்தப் பெரியவராக இருந்து, விளையாட்டு தொடங்கும் முன் ஐந்து விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, வந்த வழி தவிர இன்னொரு வழி உண்டா? இரண்டாவது, உள்ளிருந்து நீங்களே திறக்கக்கூடிய அவசரப் பொத்தானோ தாழ்ப்பாளோ எங்கே இருக்கிறது? மூன்றாவது, அந்த வழியில் அட்டைப்பெட்டி, நாற்காலி, பழைய செட் சாமான் எதுவும் அடைத்து வைக்காமல் இருக்கிறதா? நான்காவது, தீயணைப்பு உருளையும் ‘எக்ஸிட்’ விளக்கும் கண்ணில் படுகின்றனவா? ஐந்தாவது, ஆட்டம் முடியும்வரை கேமரா முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பாரா, அல்லது அவரேதான் டிக்கெட் கிழிக்கவும் காபி கொடுக்கவும் ஓட வேண்டுமா?

எங்கள் ஊர்ப் பழக்கத்தில் நான் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “அண்ணா, கரண்ட் போனா கதவு என்ன ஆகும்?” பல அறைகளில் இருப்பது மின்காந்தப் பூட்டு. மின்சாரம் ஓடும்வரைதான் அது பிடித்திருக்கும். நின்றால் தானாக விட்டுவிடும். அது நல்ல பூட்டு. ஆனால் யுபிஎஸ், ஜெனரேட்டரில் அந்தப் பூட்டை இணைத்திருந்தால் கரண்ட் போனாலும் பிடித்துக்கொண்டே இருக்கும். அப்படியானால் அதைத் துண்டிக்கும் பொத்தான் உள்ளே உங்கள் கைக்கு எட்ட வேண்டும். வெளியே சாதாரணப் பூட்டைத் தொங்கவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும் இடமாக இருந்தால், கட்டிய பணம் போகட்டும், திரும்பி வந்துவிடுங்கள்.

உடலும் உடையும்

ஷூ போட்டுக்கொள்ளுங்கள். ஹீல்ஸ், வழுக்கும் செருப்பு இரண்டும் இருட்டில் காலை வாரிவிடும். தரையில் இழுபடும் துப்பட்டா, புடவைத் தலைப்பு, தொங்கட்டான், நீளச் சங்கிலி இவை பூட்டிலும் கதவிலும் மாட்டும். தவழ வேண்டியிருக்கலாம், அதனால் முழங்கால் மூடிய உடை நல்லது. கண்ணாடி போடுகிறவர்கள் கயிறு மாட்டிக்கொண்டால், திடுக்கிட்டுத் திரும்பும்போது கீழே விழாது.

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், பட்டினியாகவும் போகாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் இரண்டு இட்லி போதும். உள்ளே போவதற்கு முன் எல்லாரும் பாத்ரூம் போய்வந்துவிடுங்கள். பயத்தில் முதலில் வரும் தொல்லை அதுதான்.

வலிப்பு உள்ளவர்கள் மின்னி மின்னி எரியும் ஸ்ட்ரோப் விளக்கு இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு, நொடிக்கு 3 முதல் 30 தடவை வரை மின்னும் ஒளி அதிக ஆபத்து. வீசிங் உள்ளவர்கள் புகை இயந்திரம் உண்டா என்று கேளுங்கள்; இன்ஹேலரைப் பையோடு லாக்கரில் வைக்காமல் பேன்ட் பாக்கெட்டில் வையுங்கள். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் முதல் படி அறையைத் தாண்ட வேண்டாம்; அதற்கும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அண்மையில் வீட்டில் சாவு நடந்திருந்தால், சவப்பெட்டி, பிணவறை, ஆஸ்பத்திரி என்று கதை உள்ள அறையைத் தவிர்த்துவிடுங்கள். பொம்மைப் பாடைகூட நிஜத்தை நினைவூட்டிவிடும்.

உள்ளே அந்த 60 நிமிடம்

கதவு சாத்தியதும் முதல் ஒரு நிமிடம் யாரும் எதையும் தொடாமல் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகட்டும். எக்ஸிட் எங்கே என்று எல்லாரும் ஒரு தடவை விரல் நீட்டிக் காட்டுங்கள். பிறகு வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் டார்ச், இரண்டு பேர் தேடல், ஒருவர் பூட்டு, ஒருவர் கணக்கு. அதிகம் பயப்படுகிறவர் கையில் டார்ச்சைக் கொடுங்கள். வெளிச்சம் தன் கையில் இருக்கும்போது பயம் பாதியாகக் குறைவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். எங்கே பார்ப்பது என்று தீர்மானிப்பவர் அவர்தானே.

தேடும்போது வாய் ஓய வேண்டாம். “மேசை டிராயர்ல சிவப்பு சாவி”, “நாற்காலிக்கு அடியில 4-னு எழுதியிருக்கு” என்று கண்டதை எல்லாம் உரக்கச் சொல்லுங்கள். ஒருவர் சொன்ன எண்ணுக்கு இன்னொருவர் பார்த்த படம் பொருந்தும். சத்தமாகப் பேசுவது பயத்துக்கும் மருந்து. கண்டெடுத்தவற்றை எல்லாம் ஒரே இடத்தில் குவியுங்கள்; உபயோகித்து முடித்த சாவியை அந்தப் பூட்டிலேயே விட்டுவிடுங்கள். மேல் கூரை, பிளக் பாயின்ட், ஸ்டிக்கர் ஒட்டிய பொருள் இவற்றைத் தொட வேண்டாம். பலத்தைக் காட்டித் திறக்க வேண்டிய எதையும் அவர்கள் வைத்திருக்க மாட்டார்கள். இழுத்தால் வரவில்லை என்றால் அதன் நேரம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

நம்பர் பூட்டுதான் நிறையக் குழுக்களைத் தோற்கடிக்கிறது. ஒருமுறை எங்களிடம் விடை சரியாக இருந்தது: 7-2-9. பின்னால் சுவரை யாரோ நகத்தால் பிறாண்டும் சத்தம். நண்பரின் கட்டைவிரல் வேர்வையில் வழுக்கியது. 9 இருக்க வேண்டிய சக்கரம் 8-க்கும் 9-க்கும் நடுவில் நின்றுவிட்டது. இழுத்தார், வரவில்லை. “விடை தப்பு” என்று சொல்லி நாங்கள் எட்டு நிமிடம் வேறு எண் தேடினோம். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு சட்டம்: பூட்டு திறக்கவில்லை என்றால், வேறொருவர் கையைத் துடைத்துக்கொண்டு, அதே எண்ணைப் பூட்டின் கோட்டுக்கு நேராக வைத்து இன்னொரு தடவை இழுத்துப் பார்த்த பிறகுதான் விடை தப்பு என்று பேச வேண்டும். மூன்று இலக்கப் பூட்டில் 1,000 சேர்க்கைகள் உண்டு. இரண்டு எண் உறுதியாகத் தெரிந்தால் மிச்சம் பத்துத்தான், சுற்றிப் பார்த்துவிடலாம். ஒன்றுதான் தெரியும் என்றால் அந்த வேலையில் இறங்காதீர்கள், க்ளூ தேடுங்கள்.

ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் நின்றால் க்ளூ கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை, அதையும் சேர்த்துத்தான் காசு கட்டியிருக்கிறோம்.

ஒருவர் உறைந்துபோனால்

பயந்தவர் எப்போதும் அலறுவதில்லை. அலறுகிறவர் பெரும்பாலும் நன்றாகவே இருப்பார். பேச்சு நின்றுபோனவரைப் பாருங்கள். சுவர் பக்கம் திரும்புவது, கூப்பிட்டால் பதில் வராதது, மூச்சு மேலும் கீழும் வாங்குவது, கை சில்லிட்டுப் போவது, எதையாவது இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருப்பது. இவைதான் அடையாளங்கள். என் தோழியின் துப்பட்டா நுனி எங்களிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

உள்ளே போகும் முன்பே ஒரு சொல்லை எல்லாரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ‘நிறுத்து’, ‘வேணாம்’ இரண்டும் உதவாது, விளையாட்டிலேயே ஆயிரம் தடவை கத்துவோம். ‘தயிர்சாதம்’ மாதிரி அந்த இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத சொல் நல்லது. அதைக் கேம் மாஸ்டரிடமும் சொல்லி வையுங்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் புதிரை அப்படியே போட்டுவிட வேண்டும். கேமராவைப் பார்த்துக் கை தூக்குங்கள், விளக்கைப் போடச் சொல்லுங்கள்.

பயந்தவரைப் பின்னால் இருந்து தொடாதீர்கள். எதிரே வந்து பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். “நான்தான், கதவு அங்கே இருக்கு, திறந்துதான் இருக்கு” என்று சொல்லுங்கள். மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடச் சொல்லி, நீங்களும் கூடவே செய்யுங்கள். வெளியே போக விரும்பினால் ஒருவர் கூடப் போங்கள், தனியாக அனுப்பாதீர்கள். அவர் வெளியே உட்கார்ந்து கேமராவில் மற்றவர்கள் விளையாடுவதைப் பார்க்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் சம்மதிப்பார்கள். “இன்னும் பத்து நிமிஷம்தான், பொறுத்துக்கோ” என்று மட்டும் சொல்லாதீர்கள். பயந்தவருக்குப் பத்து நிமிடம் மிக நீளம்.

வேடத்துக்குள் ஒரு ஆள்

அந்தக் கோரமான முகமூடிக்குள் இருப்பவர் வேலைக்கு வந்த ஒரு மனிதர். ஏசி இல்லாத ஒரு மூலையில், ரப்பர் முகத்துக்குள் வேர்த்துக்கொண்டு, ஒரு நாளில் பல ஆட்டம் ஆடுகிறார். பயந்து தள்ளுவது, உதைப்பது, முகமூடியைப் பிடுங்குவது இவையெல்லாம் அவரைக் காயப்படுத்தும். திடுக்கிட்டால் கை தானாக ஓங்கும் பழக்கம் உள்ளவர் இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொள்ளுங்கள், அல்லது டார்ச்சை இரண்டு கையாலும் பிடியுங்கள். நடிகரின் கண்ணில் டார்ச் அடிக்காதீர்கள். குழுவில் பெண்கள் இருந்து, அவர் தொட்டதோ நெருங்கியதோ விளையாட்டாகத் தெரியவில்லை என்றால், அந்த இடத்திலேயே ஆட்டத்தை நிறுத்துங்கள். வேடம் எதற்கும் அனுமதிச் சீட்டு ஆகாது.

வெளியே வந்ததும் அவரைப் பார்த்து நன்றி சொல்லுங்கள். முகமூடியைக் கழற்றிச் சிரிக்கும் அந்த முகத்தைப் பார்த்தால் குழுவில் மிச்சமிருக்கும் பயமும் கரைந்துபோகும். புதிர்களைப் பற்றி மட்டும் அடுத்துப் போகிறவர்களிடம் வாய் திறக்காதீர்கள்.

வெளியே வந்த பிறகு

உடனே ஆளுக்கொரு திசையில் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். உடம்பில் ஏறிய படபடப்பு இறங்க நேரம் வேண்டும். பக்கத்தில் ஒரு டீக்கடையில் அரை மணி நேரம் உட்காருங்கள். யார் எங்கே அலறினார்கள், எந்தப் பூட்டு ஏமாற்றியது என்று எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். இந்த விளையாட்டின் இரண்டாவது பாதி அதுதான். அங்கே பேசாமல் இருப்பவரிடம் தனியாக, “நல்லா இருக்கியா?” என்று கேளுங்கள். ராத்திரி ஒரு போனும் போடுங்கள்.

என் தோழிக்கு நான் அந்தப் போனை அன்று போடவில்லை. மறுநாள்தான் போட்டேன், மன்னிப்பும் கேட்டேன். பல மாதம் கழித்து அவளே, “இன்னொரு தடவை போலாமா? ஆனா நான் சொல்ற மாதிரி” என்றாள். முதல் படி அறை, நாலே பேர். வரவேற்பில் இருந்த பையனிடம் அவள், “தம்பி, அந்த எமர்ஜென்சி கதவை நான் ஒரு தடவை திறந்து பார்க்கலாமா?” என்று கேட்டாள். அவன் உள்ளே அழைத்துப் போய்க் காட்டினான். பச்சைப் பொத்தானைத் தன் விரலால் அழுத்தினாள். க்ளிக் என்று கதவு விலகி, நடைபாதை வெளிச்சம் உள்ளே விழுந்தது. மூடினாள். மறுபடி அழுத்தினாள். மறுபடி திறந்தது. “சரி, ஆரம்பிக்கலாம்” என்றாள்.

அன்று கடைசிப் பூட்டுக்கு முன்னால் நேரம் தீர்ந்துபோனது. தோற்றோம். 60 நிமிடமும் டார்ச் அவள் கையில்தான் இருந்தது.

கிளம்பும் முன் ஒரு தடவை பாருங்கள்

- ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் கேட்டாயிற்றா?
- அறை எந்தப் படி, உள்ளே நடிகர் உண்டா, தொடுவார்களா என்று எல்லாருக்கும் தெரியுமா?
- வலிப்பு, வீசிங், இதய நோய், கர்ப்பம் பற்றிக் கேட்டாயிற்றா? இன்ஹேலர் பாக்கெட்டில் இருக்கிறதா?
- ஷூ, முழங்கால் மூடிய உடை, கண்ணாடிக்குக் கயிறு.
- அவசர வழியைக் கண்ணால் பார்த்து, கையால் திறந்து பார்த்தாயிற்றா? கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்டாயிற்றா?
- நிறுத்தும் சொல் என்ன? கேம் மாஸ்டருக்கும் தெரியுமா?
- டார்ச் யார் கையில்?
- ஆட்டம் முடிந்ததும் உட்கார்ந்து பேச ஒரு டீக்கடை.
- ‘வரலை’ என்று சொன்னவரை அறைக்கு மறுபடி அழைக்க வேண்டாம். டீக்கடைக்கு மறக்காமல் அழையுங்கள்.